மேஜை நடுவில் ஆறு பழங்கள்

வேணாம்மா, நீங்க சாப்பிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ஸுல தெரியாதவங்க குடுத்தா வாங்கக்கூடாதுன்னு நினைக்கிற ஆளு இல்ல நான். ஆப்பிள் மட்டும் சாப்பிடறதில்ல, அவ்வளவுதான். முன்னெல்லாம் சாப்பிட்டுட்டுத்தான் இருந்தேன். இப்ப ரெண்டு மாசமா தொண்டையில இறங்க மாட்டேங்குது.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சுகர் எல்லாம் எனக்கு இல்ல. அது என் அக்காவுக்கு.

நீங்க எங்க இறங்கணும்? குளித்தலையா? அட, நானும் குளித்தலைதான். என் அக்கா அங்க இருக்கா, தையல்நாயகின்னு பேரு. கடம்பர் கோயிலுக்குப் பின்னாடித் தெரு. அவளுக்குப் பத்திரிகை வைக்கத்தான் போயிட்டிருக்கேன். என் பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம். தட்டு, குங்குமம், அக்காவுக்குப் புடவை, அத்தானுக்கு வேட்டி, எல்லாம் மேல அந்தப் பையில இருக்கு. வீட்டுக்காரரு கோயமுத்தூர்லேருந்து கார்லயே கூட்டிட்டுப் போறேன்னாரு. வேணாம், நான் பஸ்ஸுல போயிக்கிறேன்னுட்டேன். கார்ல போனா சீக்கிரம் போயிடுவோம்ல.

காங்கேயம் இப்பத்தானே தாண்டினோம்? அப்ப நேரம் கிடக்கு. சொல்றதுக்கென்ன. நீங்க என்னை மறுபடி பாக்கப் போறதா இல்ல.

எல்லாம் ஒரு சாப்பாட்டு மேஜையால வந்த வினை. எட்டுப் பேரு உக்காரலாம். மேல கண்ணாடி. வாங்கி நாலு வருஷமாச்சு, அதுல உக்காந்து நாங்க சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணிடலாம். தட்டைத் தூக்கிட்டு டிவி முன்னாடி போயிடுவோம். மேஜை மேல ஊறுகா பாட்டில் இருக்கும், இஸ்திரிக்குப் போற துணி இருக்கும், கரண்ட் பில் இருக்கும், வீட்டுக்காரருக்குப் பிரஷர் பாக்குற மிஷின் இருக்கும். குடை கூட ஒண்ணு கிடந்துச்சு. அது யாரோடதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

தை மாசம் நிவேதிகாவைப் பொண்ணு பாக்க மெட்ராஸ்லேருந்து வந்தாங்க. நிவேதிகா என் பொண்ணு, ஒரே பொண்ணு. பையன் வீடு பெரிய இடம். ஆனா அலட்டல் கிடையாது. பையனோட அம்மா பேரு மங்களேஸ்வரி, ரொம்பத் தன்மையா பேசுவாங்க. அன்னிக்கு வெறும் காப்பியோட எந்திரிச்சுட்டாங்க. எல்லாம் பேசி முடியட்டும், அப்புறம் வந்து கை நனைக்கிறோம்னாங்க. உங்க பக்கமும் அப்படித்தானே? சம்பந்தம் உறுதியாகற வரைக்கும் பொண்ணு வீட்ல ஒரு வாய் சோறு திங்க மாட்டாங்க. தின்னுட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம். பேச்செல்லாம் முடிஞ்சு, மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கை நனைக்க வரோம்னு தகவல் வந்துச்சு. மூணு வாரம் இருந்துச்சு.

நிவேதிகாதான் ஆரம்பிச்சு வச்சா. ஃபோன்ல ஒரு வீடியோவைக் காட்டினா. மங்களேஸ்வரியம்மா பேசிட்டிருக்காங்க, பின்னாடி அவங்க வீட்டு மேஜை தெரியுது. மேஜை மேல ஒரு தூசு தும்பு இல்ல. நடுவுல மட்டும் ஒரு கண்ணாடிக் குடுவை, அதுல வெள்ளைப் பூ. அதுக்குப் பேரு சென்டர்பீஸாம். மேஜை நடுவுல அழகுக்குன்னு ஒண்ணு வைக்கணுமாம். நம்ம வீட்ல ஊறுகா பாட்டில்தான் சென்டர்பீஸுன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு.

அந்த மூணு வாரமும் எனக்கு இதே வேலை. முதல்ல குத்துவிளக்கை எடுத்து நடுவுல வச்சேன். சோறு திங்கிற இடத்துல விளக்கான்னு வீட்டுக்காரரு சத்தம் போட்டாரு. சரின்னு உருளியில தண்ணி ஊத்திப் பூ போட்டேன். ஓட்டல் வாசல் மாதிரி இருக்குன்னா பொண்ணு. நாலு நாள் விட்டுப் பாத்தா தண்ணியில கொசுப்புழு. ஜாடியில ரோஜா வச்சேன், வீட்டுக்காரருக்குத் தும்மல் நிக்கல. சின்னதா ஒரு மீன் தொட்டி கூடப் பாத்தேன். நாம மீன் குழம்பு ஊத்திச் சாப்பிடறதை அது பாத்துட்டிருக்குமேன்னு விட்டுட்டேன். கடைத்தெருவுல எல்லாருக்கும் என்னைத் தெரிஞ்சு போச்சும்மா. தலையைக் கண்டாலே, மேடம் இன்னும் கிடைக்கலையான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கடைசியில கிராஸ் கட் ரோட்டுல ஒரு கடையில பாத்தேன். வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அகலமா. அதுல ஆறு பழம். ரெண்டு ஆப்பிள், ஒரு பேரிக்கா, ஒரு ஆரஞ்சு, ஒரு மாதுளை, ஒரு மாம்பழம். எல்லாம் மெழுகு. ஆனா கையில எடுத்தா கனம் இருக்கு. ஆப்பிளை மோந்து பாத்தா ஆப்பிள் வாசனை வருது. காம்பு நிஜக் காம்பு. போன வாரம் ஒருத்தரு அசல்னு நினைச்சுக் கடிக்கவே போயிட்டாரு மேடம்னு கடைக்காரரு சொன்னாரு. நானும் சிரிச்சேன். அதைக் கேட்டதும்தான் வாங்கணும்னு முடிவு பண்ணேன். என்ன விலைன்னு மட்டும் கேக்காதீங்க, வீட்டுக்காரருக்கே நான் பாதிதான் சொல்லியிருக்கேன்.

மேஜைக்கு வழி பண்ணியாச்சு, சாப்பாட்டுக்கு என்ன பண்றது? அஞ்சு பேரு வராங்க. மங்களேஸ்வரியம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதாம், வீட்டுச் சமையல்தான் வேணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நான் வைக்கிற சாம்பாரை என் பொண்ணே தொட மாட்டா. அப்பத்தான் அக்கா ஞாபகம் வந்துச்சு. அப்பத்தான் வந்துச்சுன்னா, தப்பா நினைக்காதீங்க. கூப்பிடணும்னுதான் இருந்தேன். எப்படிக் கூப்பிடறதுன்னுதான்.

அவ அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறா. பதினெட்டு வருஷமா. நூத்தி எம்பது பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடறவ, அஞ்சு பேரு அவளுக்கு ஒரு கணக்கா? அத்தான் லோடு வண்டி ஓட்டுறாரு. நல்ல மனுசன்தான். சம்பந்தி வீட்டுக்காரங்க எங்க குடும்பத்தைப் பத்திக் கேட்டப்ப, எனக்கு ஒரு அக்கா, குளித்தலையில ஸ்கூல்ல வேலை பாக்குறான்னு சொல்லியிருந்தேன். பொய் இல்லையே? ஸ்கூல்லதானே வேலை பாக்குறா. டீச்சரான்னு அவங்க கேட்டாங்க. நான் சிரிச்சேன். சிரிச்சா ஆமான்னு எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

பாக்க லட்சணமாத்தான் இருப்பா அக்கா. முன்பல்லு ஒண்ணு மட்டும் பாதி உடைஞ்சிருக்கும். எனக்கு மூணு வயசு, அவளுக்குப் பத்து. என்னை இடுப்புல வச்சுக்கிட்டு வாய்க்காலைத் தாண்டியிருக்கா, கால் வழுக்கிடுச்சு. நான் கீழ விழக்கூடாதுன்னு ரெண்டு கையாலயும் என்னையே பிடிச்சுக்கிட்டதுல அவ வாய் போய்க் கல்லுல அடிச்சிருச்சு. பல்லைக் கட்டிக்கோ, செலவை நான் பாத்துக்கறேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். மெல்ல முடியுதுல்ல பாப்பா, போதும்னு சொல்லுவா. என்னை இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடுவா. எனக்கு அம்பத்தோரு வயசாச்சு.

சனிக்கிழமை சாயங்காலமே வந்துட்டா. அவங்க பக்கத்து ரஸ்தாளி ரெண்டு சீப்பு, மடியில வச்சு நசுங்காம கொண்டாந்திருந்தா. உள்ள வந்ததும் மேஜையைப் பாத்துட்டு, "எம்மாம் பெரிய ஆப்பிளு பாப்பா"ன்னு கையை நீட்டினா. தொடாதக்கா, அது அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன். சட்டுன்னு கையை எடுத்துக்கிட்டா. அசல் பழம்னே நினைச்சுட்டா. நானும் மெழுகுன்னு சொல்லல. என்னமோ சொல்லத் தோணல. நம்ம வீட்ல இவ்வளவு பெரிய ஆப்பிள் வாங்கறோம்னு அவ நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்.

வாழைப்பழத்தையும் அந்தக் கிண்ணத்துப் பக்கத்துல வைக்கப் பாத்தா. எறும்பு வரும்க்கான்னு வாங்கி உள்ள வச்சேன். மறுநாள் காலையில வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டேன். ரெண்டு சீப்பையும். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கெல்லாம் குளிச்சுட்டு அடுப்படியில நின்னா. சக்கரை இல்லாத காப்பி ஒரு டம்ளர் குடிச்சு சுகர் மாத்திரையைப் போட்டுக்கிட்டா. நாங்க எட்டு மணிக்கு ரொட்டி சாப்பிட்டோம். அவளைக் கூப்பிட்டேன், கூப்பிடாம இல்ல. கையில வேலையா இருக்கேன், அப்புறம்னுட்டா. மணத்தக்காளி வத்தக்குழம்பு, வாழைப்பூ வடை, அவியல், மிளகு ரசம், அடைப் பிரதமன். வீடே மணந்துச்சு. பக்கத்து ஃப்ளாட்காரங்க கதவைத் தட்டி என்ன விசேஷம்னு கேட்டாங்க.

பதினொண்ணரைக்கு வரோம்னவங்க வரல. பன்னெண்டு மணிக்கு ஃபோன் வருது. ஓட்டல்லேருந்து கிளம்ப நேரமாயிடுச்சாம், இப்ப எமகண்டம் ஆரம்பிச்சுடுச்சாம், ஒன்றரைக்கு மேல கிளம்பறோம்னாங்க. நல்ல காரியம், நாம என்ன சொல்ல முடியும்? அவங்க வர ரெண்டு மணி ஆயிடுச்சு. வந்தும் உடனே உக்காரல, ஹால்ல ஜூஸ் குடிச்சு, அவங்க மாமாவுக்கு மூட்டுவலி, அந்தக் கதை, இந்தக் கதை. அந்த நேரத்துல அக்கா ஒத்தையா மேஜையில இலை போட்டு, பாத்திரமெல்லாம் கொண்டாந்து அடுக்கிட்டிருந்தா. கை நனைக்க வந்தவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி சமைச்சதுல ஒரு பருக்கையை அவ வாயில வைக்க மாட்டா. எச்சப்படுத்தக் கூடாதுன்னு அதுல ரொம்பக் கண்டிப்பு. நிவேதிகாவோட நல்லதுக்காகத்தான். எனக்குத் தெரியும் அது.

ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பாப்பா, பசிக்குதுன்னு. கேட்டா நான் குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்?

இருங்க, வரிசையா சொல்றேன்.

எல்லாரும் மேஜையில உக்காந்தாங்க. நானும் அவங்களோடதான் உக்காந்தேன். நீங்களும் உக்காருங்கன்னு மங்களேஸ்வரியம்மா கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. அக்கா பரிமாறினா. வத்தக்குழம்பை ஒரு வாய் வச்சதுமே அந்தம்மா நிமிர்ந்து அக்காவைப் பாத்தாங்க. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கல, சிரிச்சா. உடைஞ்ச பல்லு தெரிஞ்சுது. வேர்த்து வழிஞ்சுட்டிருக்கு, சேலையை இழுத்துச் செருகியிருக்கா, கையில மஞ்சக் கறை. இவங்க யாருன்னு அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க.

"சமையலுக்கு வந்திருக்காங்க"ன்னேன்.

அதுவும் பொய் இல்லையே? சமையலுக்குத்தானே வந்தா. வாயில வந்துருச்சும்மா. நான் யோசிக்கல. யோசிச்சிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேனோ என்னமோ.

அக்கா என் இலைக்கு வந்தா. கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, உங்களுக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"ன்னா.

என்னைத்தான். என்னை நீங்க வாங்கன்னு அவ கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போதும்னு கையைக் காட்டினேன். நிவேதிகா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. வீட்டுக்காரரு அப்பளத்தை நொறுக்கிட்டே இருந்தாரு, வாயில வைக்கவே இல்ல.

அதோட போயிருந்தாலும் பரவாயில்ல. அந்தம்மா நல்ல மனசோட, உங்க அக்கா டீச்சர்னீங்களே, அவங்களையும் இன்னிக்குப் பாக்கலாம்னு நினைச்சேனேன்னு கேட்டாங்க. அவளுக்கு லீவு கிடைக்கலைங்கன்னேன். ஞாயித்துக்கிழமையுமான்னாங்க. ஸ்பெஷல் கிளாஸுங்கன்னேன். பக்கத்துல அக்கா அவியல் பாத்திரத்தோட நிக்கிறா. அவளே, பாவம்னு சொல்ற மாதிரி ஒரு தலையாட்டு ஆட்டினா. எனக்காக ஆட்டினா.

அப்புறம் பேச்சு அந்தக் கிண்ணத்துப் பக்கம் திரும்பிச்சு. எனக்கு உசுரு வந்துச்சு. பழம் அசலான்னு அவங்க மாமா கேட்டாரு. மெழுகுங்கன்னு நான் பெருமையா சொன்னேன். கடையில ஒருத்தரு நிஜம்னு நினைச்சுக் கடிக்கவே போயிட்டாராம்னு அந்தக் கதையையும் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அக்கா ரசச் சொம்போட நின்னுட்டிருந்தா. அவளும் சிரிச்சா, கையால வாயை மறைச்சுக்கிட்டு.

கிளம்பறப்ப மங்களேஸ்வரியம்மா நேரா அடுப்படிக்கே போயிட்டாங்க. வெத்தலை பாக்கோட ஐந்நூறு ரூபா நோட்டு ஒண்ணை வச்சு, உங்க கைக்குத் தனி ருசிம்மா, கல்யாணத்துக்கும் நீங்கதான் சமைக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. பெரிய மனுசின்னா அவங்கதான். அக்கா ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் நிலைப்படியில நின்னு பாத்துட்டிருந்தேன். இவ என் அக்கான்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷம் போயிடுச்சு.

நாலரை மணி பஸ்ஸுக்கு அக்கா கிளம்பிட்டா. மறுநாள் பள்ளிக்கூடம். கீழ வரைக்கும் போய் ஆட்டோ ஏத்தி விட்டேன். கல்யாணம் நல்லபடியா நடக்கும் பாப்பான்னு மட்டும் சொன்னா. சாப்பிட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியல. மிச்சம் எல்லாம் இருந்துச்சு, அவ சாப்பிட்டிருக்கணும். நான் கேக்கல.

மூணு நாள் கழிச்சு மேஜையைத் துடைக்கலாம்னு கிண்ணத்தைத் தூக்கினேன். அடியில வெத்தலை காய்ஞ்சு கிடக்கு, அதுக்குள்ள மடிச்ச ஐந்நூறு ரூபா. சரி, நிவேதிகாவுக்குன்னு வச்சுட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன். கிண்ணத்தைச் சாய்ச்சதுல ஒரு ஆப்பிள் உருண்டு திரும்பிச்சு. பின்பக்கம் கடிச்சிருக்கு. அந்தக் கடி தெரியாம உள்பக்கமா திருப்பி வச்சிருக்காங்க.

முதல்ல வீட்டு வேலைக்கு வர்ற பாக்கியத்தைத்தான் பிடிச்சுக் கேட்டேன். உன் வேலையா இதுன்னு. அவ கோவிச்சுக்கவே இல்ல. சிரிச்சுட்டு, என் பல்லைப் பாருங்கக்கா, வரிசையாத்தானே இருக்கு, இந்தக் கடியில நடுவுல ஒரு சந்து இருக்கு பாருங்கன்னா. பாத்தேன். ஒரு பல்லு ஆழமா இறங்கியிருக்கு. பக்கத்துப் பல்லு பாதிதான் இறங்கியிருக்கு.

கடிச்ச துண்டு எங்க போச்சுன்னு தேடினேன். அடுப்படி, குப்பைக்கூடை, மேஜைக்குக் கீழ, எல்லா இடமும் தேடினேன். எங்கயும் கிடைக்கல. முழுங்கியிருக்கா. கடிச்சிட்டா, அதுக்குள்ள நாங்க ஹால்லேருந்து எந்திரிச்சு வந்திருப்போம். துப்ப நேரம் இருந்திருக்காது. அப்படியே முழுங்கிட்டு, பழத்தைத் திருப்பி வச்சுட்டு, இலைக்குத் தண்ணி தெளிச்சிருக்கா. சமைச்சதைத் தொடக்கூடாது, பழம்தானே, ஒண்ணு எடுத்தா என்னன்னு நினைச்சிருப்பா. சுகர் இறங்குனா அவளுக்குக் கை நடுங்கும், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். அந்த நேரத்துல அசலாவது மெழுகாவது.

அதுக்கப்புறம்தான் நான் அந்தக் கதையைச் சொன்னேன். கடிக்கவே போயிட்டாராம்னு. அவ முன்னாடியே.

ஒரு வாரம் கழிச்சு ஃபோன் பண்ணேன். மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் பண்ணேன். கல்யாணத் தேதியைச் சொன்னேன், மண்டபத்தைச் சொன்னேன், சாப்பாட்டுக்கு என்னென்னன்னு சொன்னேன். சொல்ல வேண்டியது மட்டும் வரல. ஆப்பிளைப் பத்தி அவளும் வாயைத் திறக்கல. கடைசியில அவளே சொன்னா. "பாப்பா, நீ ஒண்ணும் விசனப்படாத. நான் சமையக்கட்டுப் பக்கமே இருந்துக்கறேன். அவங்க கண்ணுல பட்டாலும் சமைக்கத்தான் வந்திருக்கேன்னு நினைச்சுக்குவாங்க. உனக்கு ஒரு சங்கடம் வராது."

அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அழுதிருப்பேன்னு நினைக்கிறீங்களா? இல்லம்மா. நிம்மதியா இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. சரிக்கான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன் கூட. வேற எதையும் விட அதைத்தான் இப்ப என்னால தாங்க முடியல. பெத்த பொண்ணுகிட்ட கூட இதைச் சொல்லல.

பத்திரிகையில அவ பேரு இருக்கு. வீட்டுக்காரரு என்கிட்ட கேக்காமலே போட்டுட்டாரு. பெரியப்பா பெரியம்மான்னு அத்தான் பேரும் அவ பேரும் முதல் வரியிலயே. அச்சடிச்சு வந்ததும் என் கையில குடுத்துட்டு, இதை நீதான் போய் வைக்கணும்னாரு. மெட்ராஸுக்கும் ஒரு கட்டு போயிருச்சு. மங்களேஸ்வரியம்மா படிச்சிருப்பாங்க. கல்யாணத்தன்னிக்கு டீச்சரம்மா எங்கன்னு தேடுவாங்க. அக்காவை மேடைக்குக் கூட்டிட்டு வந்தா, சமையல்காரம்மாதானே இவங்கன்னு பாப்பாங்க. என் முகத்தைக் கொண்டு போய் எங்க வச்சுக்குவேன்? கூட்டிட்டு வரலைன்னா, கூடப் பிறந்தவளை மண்டபத்துப் பின்வாசல்ல நிறுத்தி வச்சுட்டு நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன்னாடி நிக்கணும்.

இது மாயனூரா? அதுக்குள்ள மாயனூர் வந்துருச்சா?

உங்களை ஒண்ணு கேக்கலாமா? நீங்க எப்படியும் குளித்தலையிலதான் இறங்கறீங்க. கடம்பர் கோயில் பின்னாடித் தெரு, பச்சைக் கதவு போட்ட வீடு. இந்தப் பையை அங்க குடுத்துட முடியுமா? தங்கச்சிக்குத் தலை சுத்துச்சு, பாதியில திரும்பிட்டாங்கன்னு சொல்லிடுங்க. அவ நம்பிடுவா. நான் எதிர் பஸ் பிடிச்சு...

வேணாம். விடுங்க. நீங்க பாக்குற பார்வை எனக்குப் புரியுது. நான் கேட்டதை மறந்துருங்க. பையைக் குடுக்கவும் முடியாது, உள்ள அந்த ஆப்பிளும் இருக்கு. ஏன் எடுத்துட்டு வந்தேன்னு தெரியல. தூக்கிப் போடவும் மனசு வரல, கிண்ணத்துல வைக்கவும் மனசு வரல. கிண்ணத்துல இப்ப அஞ்சு பழம்தான்.

என்ன சொன்னீங்க? அவங்களும் ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமேன்னா? எனக்காகத்தான் சொல்றீங்க, தெரியுது. நான்தானே காங்கேயத்துலேருந்து அதையே சொல்லிட்டு வரேன். என் வீட்டுக்காரருகிட்டயும் அதைத்தான் சொன்னேன். பாக்கியத்துகிட்டயும் அதைத்தான் சொன்னேன். பொண்ணுகிட்டயும்.

கேட்டாம்மா.

ஒரு மணி இருக்கும். அவங்க இன்னும் வரல. நான் அந்தக் கிண்ணத்தை இந்தப் பக்கம் நகத்தி, அந்தப் பக்கம் நகத்திப் பாத்துட்டிருந்தேன். அடுப்படியிலேருந்து வந்து மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "பாப்பா, ஒரு மாதிரி வருது. வாயில போட ஏதாவது இருக்கா? அந்த ரஸ்தாளி ஒண்ணு இருந்தா குடேன்"னா. ரஸ்தாளி வாட்ச்மேன்கிட்ட போயிருச்சே, நான் எதைக் குடுப்பேன்? குடுத்துட்டேன்னு சொல்ல வாய் வரல. ஃப்ரிட்ஜ்ல ரொட்டி இருந்துச்சு. பிஸ்கட் இருந்துச்சு. எந்திரிச்சு நாலு அடி நடக்கணும். நான் கிண்ணத்தைப் பாத்துக்கிட்டே, "இப்ப வந்துருவாங்கக்கா, அவங்க கை நனைக்கட்டும், கொஞ்சம் பொறு"ன்னேன். சரி பாப்பான்னு திரும்பிப் போயிட்டா.

அவ்வளவுதான். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

பாருங்க, கண்டக்டர் குளித்தலைன்னு சத்தம் போடறாரு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. இல்ல, நானே போறேன், நானே போயித்தான் ஆகணும். என்ன பேசறதுன்னு கோயமுத்தூர்லேருந்து யோசிச்சுட்டு வரேன், ஒண்ணும் பிடிபடல. அவ என்ன பேசுவான்னு மட்டும் தெரியும். வாசல்ல என் தலையைக் கண்டதும் கையைத் துடைச்சுக்கிட்டு வருவா. என் முகத்தைப் பாப்பா. பாத்துட்டு, சாப்பிட்டியா பாப்பான்னு கேப்பா.